சாகா தாவா மாதமும் நம் சங்கமும்: 2025 செயலாளர் அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, நூலகத்தில் எடுத்த புத்தகங்களைச் சிலர் இன்னும் திருப்பித் தரவில்லை (யார் என்று அவர்களுக்கே தெரியும்). மீதி அறிக்கை முழுக்க திபெத்திய பௌத்தர்களின் புனித மாதமான சாகா தாவாவில் நாம் நடத்திய கருணைத் தியானத்தைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தது அதுதான் என்பது என் கருத்து.

முதலில் தேதிக் குழப்பம். புத்த பூர்ணிமை மே 12 அன்றே முடிந்துவிட்டதே, ஜூனில் என்ன புனித மாதம் என்று பலர் கேட்டார்கள். திபெத்திய நாட்காட்டியின் நான்காம் மாதம் சாகா தாவா. 2025இல் அதன் பௌர்ணமி ஜூன் 11. புத்தர் ஞானம் பெற்றதும் பரிநிர்வாணம் அடைந்ததும் அந்த நாளில்தான் என்பது திபெத்திய மரபு, பிறப்பை அதே மாதத்தின் ஏழாம் நாளில் வைப்பவர்களும் உண்டு. கைலாய மலையடியில் தார்போச்சே கொடிமரத்தை இறக்கிப் புதுக் கொடிகள் கட்டி மறுபடி நிறுத்துவதும், சிக்கிமின் காங்டாக்கில் புனித நூல்களைச் சுமந்து ஊர்வலம் போவதும் இந்தச் சமயத்தில்தான். நமக்கும் இது அந்நியமில்லை. மணிமேகலையில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலே வருவது புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமியில்தானே!

இந்த மாதத்தில் செய்யும் நல்லது பல மடங்காகப் பெருகும் என்ற நம்பிக்கையை அறிவிப்பில் போடலாமா என்று செயற்குழுவில் ஒரு வாக்குவாதம். போடவில்லை. லாபக் கணக்கு பார்த்துக் கருணை காட்ட வரச் சொல்வது எனக்கும் பிடிக்கவில்லை. மீன், பறவை வாங்கி விடுவிக்கலாம் என்ற யோசனையும் நின்றுபோனது. விடுவிக்க வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கென்றே பிடித்துவர ஆள் கிளம்பிவிடும். அதற்குப் பதிலாக விரும்பியவர்கள் அந்த மாதம் புலால் தவிர்த்தார்கள், முடிந்தவர்கள் ரத்தம் கொடுத்தார்கள்.

சரி, தியானத்துக்கு வருகிறேன். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய தியான வழிகாட்டி நூலான விசுத்திமக்கம் கருணையைப் படிப்படியாக வளர்க்கச் சொல்கிறது. கடும் துன்பத்தில் இருக்கும் ஒருவரை நினைத்துத் தொடங்கி, பிறகு அன்புக்குரியவர், அப்புறம் நமக்கு வேண்டியவரும் இல்லை வேண்டாதவரும் இல்லை என்ற நிலையில் இருப்பவர், கடைசியில் பகைவர். எல்லோரும் பகைவரை நினைத்துத்தான் பயந்தார்கள். ஆனால் உட்கார்ந்து பார்த்தபோது மூன்றாவது ஆள்தான் பாடாய்ப்படுத்தினார், ஏனென்றால் பகைவர் மேல் கோபமாவது இருக்கிறது, இவர் மேல் எதுவுமே இல்லை, முகத்தை நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. ஓர் உறுப்பினர் நம் கூடத்தைச் சுத்தம் செய்யும் அம்மாவை நினைக்கப்போய், அவர் பெயரே தெரியவில்லை என்று அமர்வு முடிந்ததும் சொன்னார். அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் கேட்டுத் தெரிந்துகொண்டோம், நாற்காலிகளை இப்போது நாமே அடுக்கிவைக்கிறோம்.

இரண்டாம் பாதியில் திபெத்திய முறையான டோங்லென்: மூச்சை உள்ளே இழுக்கும்போது பிறர் துன்பத்தைக் கரும்புகையாக வாங்கிக்கொள்வது, வெளியே விடும்போது நம் நலத்தை வெளிச்சமாகக் கொடுப்பது. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேருக்கு இது ஒத்துவரவில்லை, அழுகை வந்து நிறுத்திவிட்டார்கள். அவர்களிடம் குறை ஒன்றுமில்லை. துயரத்தில் மூழ்கிப்போவது கருணை மாதிரியே தெரியும், ஆனால் அதுதான் கருணைக்குப் பக்கத்திலேயே நிற்கும் எதிரி என்று புத்தகோசரே எச்சரிக்கிறார். ஜெர்மனியின் மூளை ஆய்வாளர் தானியா சிங்கர் குழுவினரும் மூளைப் படங்களைக் கொண்டு இதே வேறுபாட்டைக் காட்டியிருக்கிறார்கள்: பிறர் வலியை நம் வலியாக உணர்வது ஒன்று, அவர் நலம்பெற வேண்டும் என்ற கனிவு வேறொன்று, பயிற்சியால் இரண்டாவதை வளர்க்க முடியும். டோங்லெனைச் சொல்லித்தரும் மரபிலேயே, வாங்கிக்கொள்வதை உன்னிடமிருந்தே தொடங்கு என்ற அறிவுரை இருக்கிறது. அந்த இருவரையும் அவரவர் களைப்பை மட்டும் நினைத்து உட்காரச் சொன்னோம். ஒருவர் தொடர்ந்து வந்தார், மற்றவர் வரவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

பௌர்ணமிக்குக் கூடம் நிறைந்தது, மறுவாரம் பாதிகூட இல்லை. திருவிழாக் கூட்டம் அப்படித்தான்.

2026இல் சாகா தாவா பௌர்ணமி மே 31. அடுத்த முறை டோங்லெனைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்து, மூன்றாவது ஆளுக்கே இரண்டு வாரம் ஒதுக்கலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் இந்தக் கூட்டத்திலேயே சொல்லுங்கள். அமர்வுகளை நடத்த இன்னும் ஆள் தேவை, முன்வருபவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

செயலாளர்