நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு: அணித் தலைவர்கள் கவனத்திற்கு

வணக்கம். விடிந்ததும் தொடங்கி 3 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் நீர்ப்பரப்பில் கானல் அலைந்து, தூரத்து உள்ளான்களை (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) பிரித்தறிய முடியாது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும் கரையிலேயே நில்லுங்கள். 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். விரிந்த சேற்றுத்திட்டு என்றால் டெலஸ்கோப்பும் முக்காலியும் அவசியம்.

பெரிய கூட்டத்தை எண்ணும்போதுதான் பிழை வருகிறது. முதலில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் பதிய வையுங்கள். அந்த அளவைக் கொண்டே 50, 100 என்று நகருங்கள். ஓரத்தில் சிதறி நிற்பவற்றை வைத்து அளவு எடுத்தால், நடுவில் நெருக்கமாக நிற்பவை பாதிகூடக் கணக்கில் வராது. இருவர் தனித்தனியாக எண்ணிய பிறகே ஒப்பிடுங்கள்.

இரண்டு அணிகள் என்றால் மதகு, தனிமரம் போன்ற எல்லைக்குறியை முன்பே பேசிவைத்து, ஒரே நேரத்தில் தொடங்குங்கள். எண்ணி முடித்த பகுதியிலிருந்து எழுந்து முன்னால் போய் அமரும் பறவைகளை மறுபடி சேர்க்காதீர்கள்.

இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் "உள்ளான் வகை" என்றே எழுதுங்கள், ஊகம் வேண்டாம். பறவையே இல்லாத இடத்துக்கும் 0 என்று பதியுங்கள், அதுவும் தரவுதான்.

கூடுகள் உள்ள மரங்களை தயவுசெய்து நெருங்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்த சில நிமிடங்களில் காகம் முட்டையைத் தூக்கிவிடும், குஞ்சுகள் வெயிலில் வாடும். கூட்டின் இருப்பிடத்தைக் குழுவிலும் பகிர வேண்டாம்.

இறந்த பறவையையோ, கழுத்தைத் தூக்க முடியாமல் துவண்டு கிடப்பதையோ கண்டால் தொடாதீர்கள். படம், நேரம், எண்ணிக்கையுடன் ஒருங்கிணைப்பாளருக்கு உடனே அனுப்புங்கள். வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் அவர் தெரிவிப்பார்.