புதூர் அக்காவுக்கு, சார்ஜாவிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

எள்ளுப்பொடி டப்பாவுக்குள் நீ மடித்து வைத்த கடிதம் கிடைத்து நாற்பது நாளாகிறது. பதில் எழுதாதது என் தவறு. நலமாக இருக்கிறேன், அறையும் வசதிதான். ஆடியிலும் வெயில் குறையவில்லை. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் சுடச்சுட வருகிறது. ஹீட்டரை அணைத்துவைத்து, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரில்தான் குளிக்கிறோம்.

மாமா ஐஸ் மிஷினைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறாராமே. விடாதே. ஐஸில் வெள்ளைத் துகளும் வாடையும் வருவது மிஷினின் குற்றமில்லை. அது ஐஸை உறையவைக்கும், உறைந்ததைக் காக்காது. கூடையில் உருகிய தண்ணீர் மறுபடி தொட்டிக்கே இறங்கித் திரும்பத் திரும்ப ஐஸாகிறது. நம் போர்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்து படிகிறது.

பக்கத்து அறை எகிப்துக்காரப் பெரியவரிடம் அதே மாதிரி மிஷின் இருக்கிறது. வெள்ளிதோறும் தொழுகை முடித்து வந்து கழுவுவார். யாரையும் தொடவிடமாட்டார், என்னை மட்டும் பக்கத்தில் நிற்கச் சொல்வார். அவர் செய்வதை அப்படியே எழுதுகிறேன். முதலில் பிளக்கைப் பிடுங்கு. அடி மூடியைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு மறுபடி மூடு. கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஒரு டம்ளர் வெள்ளை வினிகருக்குப் பத்து டம்ளர் தண்ணீர் கணக்கில் கலந்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறிய பின் ஐஸ் விழ ஓடவிடு. அந்த ஐஸைப் பிள்ளைகள் வாயில் போடுவதற்குள் கொட்டிவிடு. பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை ஓட்டு. ஐஸ் உறையும் உலோக விரல்களை மெல்லிய துணியால் துடை. இரும்பு நார் பட்டால் மேல்பூச்சு போய்விடும். மாமா பிளீச்சிங் பவுடரைத் தேடுவார். வினிகரோடு அது சேர்ந்தால் குளோரின் நச்சுவாயு கிளம்பும், கண்டிப்பாகச் சொல்லிவை. கடை அடைக்கும்போது தண்ணீரை வடித்து, மேல்மூடியைத் திறந்தே வை.

கழுவி முடித்ததும் பெரியவர் கர்க்கதே என்று சிவப்பாக ஒரு பானம் தருவார். நம் புளிச்சைக் கீரையின் உறவுச் செடிதானாம். அதில் ஐஸ் மோதும் சத்தம் கேட்டாலே மதுரை விளக்குத்தூண் ஜிகர்தண்டா நினைவு வந்துவிடுகிறது. அப்பா ஒரே டம்ளர் வாங்கி, அடியில் கிடக்கும் பாதாம் பிசினை நமக்குப் பங்கிடுவாரே. போன சித்திரையில் அழகர் புதூரைத் தாண்டும்போது நீ போனை வாசலில் தூக்கிப் பிடித்தாய். எனக்குக் கொட்டும் ‘கோவிந்தா’வும் மட்டும்தான் கேட்டன. வைத்துவிட்டு வெகுநேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வரும் சித்திரைக்கு நம் நீர்மோர்ப் பந்தலில் அந்த மிஷின் ஐஸைப் போடு அக்கா.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். சம்பளத் தேதி மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. அம்மாவின் கண் அறுவையைத் தள்ளிப்போடாதே, என் சீட்டை எடுத்துக்கொள். மேலூர் நிலத்துக்குச் சித்தப்பா கையெழுத்துக் கேட்டால் நான் வரும்வரை யாரும் போடவேண்டாம். முத்து ஆவணியில் இங்கே திரும்பி வருகிறான். எள்ளுப்பொடி தீர்ந்துவிட்டது, அவனிடம் கொடுத்தனுப்பு.

உன் தம்பி