வேலை வெளியே போகும்போது ஆட்களையும் கணக்கில் எடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் அவுட்சோர்சிங், அதாவது நிறுவனத்துக்குள் நடக்கும் வேலையை வெளி நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் கொடுப்பது, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செலவு எப்படிக் குறையும், எந்த வேலையை வெளியே கொடுக்கலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் விளக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வேலையை அதுவரை செய்துகொண்டிருந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் 16 வருடம் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவன். அந்தப் பிரிவையே வெளியே கொடுத்தபோது, அதோடு சேர்த்து என்னையும் ஒப்பந்த நிறுவனத்துக்கு மாற்றினார்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவுட்சோர்சிங்கே கூடாது என்பது என் கட்சி இல்லை. 1989-ல் கேமரா, பிலிம் நிறுவனமான கோடாக் தன் கணினி மைய வேலையைக் கணினி நிறுவனமான ஐ.பி.எம். கையில் ஒப்படைத்தது, அங்கே இருந்த ஊழியர்களும் கூடவே போனார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே கொடுக்கிறதே, நாம் ஏன் கொடுக்கக் கூடாது என்று அதற்கப்புறம் பலர் அதே வழியில் இறங்கினார்கள். சில இடங்களில் நன்றாகவே நடந்திருக்கிறது. நடக்காத இடங்களில் என்ன கோளாறு என்று பார்த்தால், என் அனுபவத்தில், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆறேழு மாதத்தில் ஊழியர்களை எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் போய் நிற்கிறது.

எங்களுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது தெரியுமா? யாரும் சொல்லவில்லை. மீட்டிங் அறையை ஒரு வாரம் முழுக்க யாரோ பதிவு செய்திருந்தார்கள், கழுத்தில் விசிட்டர் அட்டை தொங்க நான்கு பேர் வந்து உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காலையில் வந்ததும் என்ன செய்வீர்கள், அதற்கு எத்தனை நிமிடம் ஆகும், நீங்கள் லீவு என்றால் யார் செய்வார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். மேலாளரிடம் கேட்டால் சும்மா ஒரு ஆய்வு என்றார். நெருப்பில்லாமல் புகையுமா? அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே இல்லை. வருமான வரிக் கணக்கில் கெட்டிக்காரர்களான இரண்டு பேர் அடுத்த மாதமே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே வேலை கிடைக்கக்கூடியவர்கள்தானே முதலில் கிளம்புவார்கள்! இந்த இழப்பை எந்தச் சிக்கனக் கணக்கிலும் ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அப்புறம் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது வேலை நுணுக்கங்களைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. வேலை தெரிந்தவர் பக்கத்தில் புதியவர் உட்கார்ந்து பார்ப்பார், பிறகு புதியவர் செய்ய, தெரிந்தவர் பார்ப்பார், அதுதான் முறை. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர், அக்கா என்றுதான் கூப்பிடுவோம், 22 வருட சர்வீஸ். அவரிடம் பச்சை அட்டை போட்ட ஒரு நீள நோட்டு உண்டு. யாருக்குக் கோர்ட் உத்தரவுப்படி பிடித்தம், எந்த ஷிஃப்டின் இரவுப் படி அடுத்த மாதத்தில்தான் சேரும், யார் சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறார், எந்தக் கிளையிலிருந்து வருகைப் பதிவு எப்போதும் இரண்டு நாள் தாமதமாக வரும் என்று எல்லாம் அதில் இருக்கும். நிறுவனத்தின் நடைமுறைக் கையேட்டில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஒப்பந்த நிறுவனத்துத் தம்பி ஒருவர் செக்லிஸ்ட்டை வைத்துக்கொண்டு கேட்டார். அக்கா கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். கேட்காததைச் சொல்லவில்லை. கடைசி நாள் மாலை நோட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு ஷிஃப்டுக்கு மொத்தமாக இரவுப் படி விட்டுப்போயிருந்தது, விடுப்பில் இருந்தவருக்கு முழுச் சம்பளம் போயிருந்தது. இரவு முழுக்கக் கண்விழித்து வேலை செய்தவர்கள் வந்து கேட்டபோது எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதம் முன்பே யாராவது ஒருவர் அவர் எதிரில் உட்கார்ந்து, அக்கா, இந்த வேலை வெளியே போகிறது, உங்களுக்கு இன்ன ஏற்பாடு, இன்ன தேதி வரை இருந்து சொல்லிக்கொடுத்தால் இவ்வளவு தொகை தருகிறோம் என்று நேராகப் பேசியிருந்தால் அந்த நோட்டு தானாகவே மேசைக்கு வந்திருக்கும். அவர் சுபாவம் எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் போன பிறகு வேறொன்றைப் பார்த்தேன். அங்கே எல்லாமே எஸ்.எல்.ஏ., அதாவது இத்தனை மணி நேரத்துக்குள் இதைச் செய்ய வேண்டும், தவறினால் அபராதம் என்ற கணக்கு. ஒரு டிக்கெட்டுக்கு, அதாவது கணினியில் பதிவாகும் ஒரு புகாருக்கு, நான்கு மணி நேரத்தில் பதில் என்றால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு வரி அனுப்பினாலே கடிகாரம் நின்றுவிடும். பிரச்சினை தீராவிட்டால் அதை மூடிவிட்டு புதிதாக ஒன்று திறக்கச் சொல்லலாம். மாத அறிக்கை முழுக்க, எல்லாம் சரி என்று காட்டும் பச்சையாக இருக்கும். தொழிலில் இருப்பவர்கள் இதைத் தர்பூசணி என்பார்கள், வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் மோசமானவர்கள் கிடையாது. எதை வைத்து அவர்களை அளக்கிறார்களோ அதைத்தானே அவர்கள் செய்வார்கள். ஒருநாள் என் பழைய சகா ஒருவர் நேராக எனக்கே போன் செய்து, ஓவர்டைம் வரவில்லை, கொஞ்சம் பாருங்களேன் என்றார். திரையில் அவர் கணக்கு திறந்தே இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. டிக்கெட் போடுங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. பத்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர். சரி என்று வைத்துவிட்டார், அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.

பழைய இடத்திலேயே தங்கிவிட்டவர்கள் பாடும் சுகமில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், டிக்கெட் எங்கே நிற்கிறது என்று துரத்துகிறவர்களாக மாறிவிட்டார்கள். அடுத்தது நாம்தானோ என்ற கவலை வேறு.

சட்டம் இதில் ஓரளவு கை கொடுக்கும். ஐரோப்பாவில் 1977-லேயே இதற்கென ஒரு வழிகாட்டுச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1981-ல் விதிகள் வந்தன, 2006-ல் புதுப்பித்தபோது அவுட்சோர்சிங்கையும் வெளிப்படையாகவே அதில் சேர்த்தார்கள். வேலை கைமாறினால் ஊழியரும் அதே சம்பளம், அதே சர்வீஸ் கணக்கோடு மாற வேண்டும், முன்கூட்டியே தகவல் சொல்லிக் கலந்து பேச வேண்டும் என்பது சாரம். ஓய்வூதியம் மட்டும் முழுசாக அதில் வராது. இப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடலாமே, யார் தடுக்கிறார்கள்?

கொடுத்ததைத் திரும்ப வாங்கிய கதைகளும் உண்டு. ஜேபி மார்கன் சேஸ் வங்கி 2002 கடைசியில் ஐ.பி.எம்.முடன் 7 வருடத்துக்கு, 500 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. இன்னொரு வங்கியோடு இணைந்த பிறகு 2004-லேயே அதை ரத்து செய்துவிட்டு, சுமார் 4,000 பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இரண்டு வருடத்துக்குள் இரண்டு தடவை அடையாள அட்டை மாற்றியவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும்? போயிங் 787 விமானத்தின் பெரும் பாகங்களை வெளியே செய்யக் கொடுத்தார்கள். 2008-ல் வர வேண்டியது 2011-ல்தான் முதல் வாடிக்கையாளர் கைக்குப் போனது, இடையில் ஒரு சப்ளையரின் ஆலையையே போயிங் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. வெளியே கொடுக்கும் வேலையைக் கண்காணிக்கவும் உதவவும் தன் ஆட்களை வைத்துக்கொள்ளாவிட்டால் கஷ்டம் என்று ஹார்ட்-ஸ்மித் என்ற போயிங் பொறியாளரே 2001-ல் எச்சரித்திருந்தார்.

நன்றாக நடந்த ஒன்றையும் பார்த்திருக்கிறேன். ஒப்பந்த நிறுவனத்தில் நான் இருந்தபோது இன்னொரு வாடிக்கையாளரின் சம்பள வேலை எங்களிடம் வந்தது. அந்த மேலாளர் கையெழுத்தான அன்றே தன் ஆட்களைக் கூப்பிட்டு, யார் மாறுகிறார், யார் தங்குகிறார், யாருக்கு எவ்வளவு கொடுத்து அனுப்புகிறோம் என்று தேதியோடு சொல்லிவிட்டார், கடைசிக் கேள்வி வரை அறையை விட்டு நகரவில்லையாம். மூன்றாம் நாளே ஒரு பெண் தன் கணினியில் ஒட்டியிருந்த சின்னச் சின்னச் சீட்டுகளையெல்லாம் பிய்த்துக் கொண்டுவந்து, இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இது யாருக்கும் தெரியாது என்று எங்கள் முன்னால் பரப்பினார். இரண்டு மாதச் சம்பளத்தை அவர்களும் நாங்களும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டோம். வேலை தெரிந்த இரண்டு பேரை அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டு மாதாமாதம் சரிபார்த்தார்கள். சின்னத் தவறுகள் வந்தன, யாருடைய சம்பளமும் நிற்கவில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, ஒப்பந்தத்தில் ஊழியர்களைப் பற்றி எத்தனை பக்கம் இருக்கிறது என்று கேட்டுப் போடட்டும். என்னை மாற்றிய ஒப்பந்தத்தைப் பின்னாளில் பார்க்கக் கிடைத்தது. அபராதக் கணக்கு 11 பக்கம் இருந்தது. எங்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.

இப்படிக்கு,
முன்னாள் சம்பளப் பிரிவு ஊழியர்