வாளியை உடைப்பது சூடு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி வெளுத்து நொறுங்குவதற்கு வெயிலின் சூடுதான் காரணம் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சூட்டுக்கும் பங்கு உண்டு, வேலையை விரைவுபடுத்தும். ஆனால் முதல் குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி.

பிளாஸ்டிக் பொருள்களில் எழுத்து அச்சடிக்கும் தொழிலில் 26 ஆண்டுகள் இருந்தவன் நான். வாசகரின் கடிதத்தைப் படித்ததும் எங்கள் பழைய நீல வாளியை எடுத்துப் பார்த்தேன். சுவர் ஓரமாகப் பல ஆண்டுகள் கவிழ்ந்தே கிடந்தது. சுவரைப் பார்த்த பக்கம் இன்னும் வழவழப்பாக இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்து மாதிரி நிற்கிறது. வெயில் பட்ட பக்கத்தைத் தடவினால் விரலில் வெள்ளைப் பொடி. அங்கே அதே சொட்டு பரவிப் படிந்துவிட்டது. சரி என்று ரம்பத்தால் அறுத்தேன் (வீட்டில் திட்டு விழுந்தது வேறு கதை). வெளுப்பு தோல் கனத்துக்குத்தான். உள்ளே பழைய நீலம் அப்படியே. சூடு மட்டுமே காரணம் என்றால் உள்ளே வரை போயிருக்க வேண்டாமா?

பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. புற ஊதா அந்தச் சங்கிலிகளை அறுக்கிறது. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் சேர்ந்த மேற்பரப்புக்குத் தண்ணீர் மேல் ஒட்டுதல் அதிகம். சொட்டு பரவியது அதனால்தான். அறுந்து குட்டையான தோல் சுருங்கி, நுண்ணிய விரிசல் விடுகிறது. பிறகு ஒரு தட்டு போதும்.

வேடிக்கை என்னவென்றால், இதே கேடுதான் எங்கள் பிழைப்புக்கு உதவியது. புதுப் பாலிப்ரொப்பிலீனில் மை ஒட்டாது, நகத்தால் சுரண்டினாலே உரிந்துவிடும். முதலில் தீச்சுடரைக் காட்டித்தான் அச்சடித்தோம். அப்புறம் பாதரச விளக்கு வைத்த பெட்டி வந்தது. 185, 254 நானோமீட்டர் அலைநீளங்களில் புற ஊதா ஒளியை வீசும் விளக்கு; உள்ளே ஓசோனையும் (ஆக்சிஜனின் வீரியமான வடிவம்) உண்டாக்கும். சில நிமிடங்கள் வைத்து எடுத்தால் மை கெட்டியாகப் பிடிக்கும். நிறைய நேரம் வைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து ஒருமுறை ஒரு தட்டு நிறைய மூடிகளைக் கெடுத்தேன். டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தபோது எழுத்தெல்லாம் டேப்போடு வந்துவிட்டது. மேலே துண்டுதுண்டான சங்கிலிகள் தளர்வாகப் படிந்துவிட்டன. மை ஒட்டியது அந்தத் தளர்ந்த படலத்தின்மேல்தான், பிளாஸ்டிக்கின்மேல் அல்ல.

சூரிய ஒளியில் சுமார் 290 நானோமீட்டருக்குக் கீழுள்ளதை, அதாவது எங்கள் விளக்கு வீசிய மாதிரியான ஒளியை, வானத்து ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. மிச்சமிருப்பதே வாளிக்குப் போதும், என்ன, நாளாகும். தடுக்கவும் வழி இருக்கிறது. கார்பன் பிளாக் என்னும் கரித்தூளைச் சேர்த்தால் அது ஒளியை விழுங்கிக்கொள்ளும். வெயிலில் கிடக்கும் குழாய்கள் பலவும் கறுப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. மற்ற நிறங்களுக்கென்று தனி நிலைப்படுத்திகள் உண்டு.

ஆனால் கடையில் வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்? பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன். நிலைப்படுத்தி சேர்த்திருக்கிறார்களா என்பதை அந்த எண் சொல்லாது. 'வெயிலில் வைக்கலாம்' அல்லது 'வெயிலில் வைக்காதீர்' என்று ஒரு வரியை வார்ப்பு அச்சிலேயே பொறித்துவிட உற்பத்தியாளர்களுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. நாற்காலி, ஏணிப்படி போன்று ஆள் ஏறும் பொருள்களிலாவது அதைச் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி