திரோயப் பெண்களுக்குத் தோள் கொடுத்த உறவுகளுக்கு

அன்புடையீர்,

பழங்காலக் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீசின் ‘திரோயப் பெண்கள்’ நாடகத்தைக் கூத்து முறையில் உப்புவெளியில் ஆடி முடித்துவிட்டோம். மழையைத் தள்ளிவைத்த கோணேசருக்கு ஒரு கும்பிடு. மற்றவர்களுக்கு இம்மடல்.

முதல் நன்றி, சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஒத்திகைக்கு வந்து பேசிய அம்மாமாருக்கு. 2006 இல் போரின்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு நடந்தவர்கள் அவர்கள். மூட்டையில் என்ன வைத்தீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். காணி உறுதி என்றார் ஒருவர். பதற்றத்தில் தேங்காய்த் திருவலையை எடுத்து வந்த கதையை இன்னொருவர் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நடிக்கத்தான் எங்கள் பிள்ளைகள் பெரும்பாடு பட்டார்கள். மேடையில் அழுவது யாருக்கும் எளிது.

நாடகத்தின் முடிவில், போரில் இறந்த திரோய் வீரன் ஹெக்டரின் குழந்தையின் உடலைத் தகப்பனின் கேடயத்தில் கிடத்திக் கொண்டுவருவார்கள். மகனை இன்னமும் தேடிக்கொண்டிருக்கும் தாய் ஒருவர், "பிள்ளையைச் சவமாகக் காட்டவேண்டாம்" என்றார். எங்கள் களரிக்குக் கேடயம் வெறுமையாகவே வந்தது. மூலத்துக்குத் துரோகம் என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும். அந்த அம்மா முன்வரிசையில் இருந்தார், யூரிப்பிடீஸ் வரவில்லை.

ஊரில் இத்தனை துயரம் கிடக்கக் கிரேக்கத்துக்கு ஏன் போனீர்கள் என்றும் கேட்டார்கள். ஏதென்சுப் படை மீலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியது. அந்த வடு ஆறுவதற்குள், கி.மு. 415 இல், அதே ஏதென்சு மக்களைத் தோற்ற திரோய் நகரத்துப் பெண்களின் ஒப்பாரிக்கு முன்னால் உட்காரவைத்தார் யூரிப்பிடீஸ். (போட்டியில் இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள்.) நேரே சொல்லப் பயந்து ஒளிந்துகொண்டீர்கள் என்பவர்களுக்கு என் பதில்: இருக்கலாம். ஆனால் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மணலில் இருந்து பார்த்தார்கள். யாருடைய கதை இது என்று ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

வடமோடிக் கூத்தின் தாளக்கட்டைத் திரோய் அரசி ஹெகுபாவின் புலம்பலுக்கு இசைவித்த மட்டக்களப்பு அண்ணாவியாருக்கும், ஒலிபெருக்கியோடு வந்து விடியும்வரை நின்ற கிண்ணியா நானாமாருக்கும், பிளேன்ரீ ஊற்றிக்கொடுத்த அக்காமாருக்கும், வாங்குகள் தந்த வாசிகசாலைக்கும் நன்றி. திரோய் மதிலாகத் தொங்கிய கரைவலைகளில் சில கிழிந்துவிட்டன. சம்மாட்டியார் பொறுத்தருள வேண்டும். பொத்தித்தான் திருப்பித் தருவோம். வாங்குகள் திங்கட்கிழமை வந்துசேரும்.

இப்படிக்கு,
நாடகக் குழுவினர் சார்பில்,
நெறியாளர்,
திருகோணமலை.