நீ போட்ட அந்த நாற்பது விநாடி

அன்புள்ள ஜெபா,

நாலு மாதமாக எழுதவில்லை, தப்பு என்னுடையதுதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று மாமா சொன்னார். சந்தோஷம். குவைத்தில் வெயில் ஆரம்பித்துவிட்டது, நான் சௌக்கியம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்மேல் எனக்குக் கோபம்.

நம்ம ஸ்கூல் குரூப்பில் ஒரு வீடியோ போட்டாயே, நாற்பது விநாடி. கிறிஸ்தவக் கோவில், பலிபீடம், தாடிக்காரப் பாதிரியார் ஒருவர் அரபியில் வாசிக்கிறார், வரிக்கு வரி 'அல்லாஹ்' வருகிறது. கீழே நீ எழுதியிருந்தாய்: "கோவிலையே பள்ளிவாசல் ஆக்கிட்டானுவ, மக்கா." அவர் வாசித்தது என்ன தெரியுமா? ஆதியாகமம் முதல் அதிகாரம். "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்." ஞாயிறு பள்ளியில் மனப்பாடப் போட்டியில் நீ பரிசு வாங்கிய அதே அதிகாரம்டா!

எங்கள் கம்பெனி ஏசி மெக்கானிக் கிர்கிஸிடம் அதைக் காட்டினேன். எகிப்துக்காரன், கோப்டிக் என்கிற பழைய எகிப்தியச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவன். வலது மணிக்கட்டின் உள்பக்கம் நகத்தளவு சிலுவை, சின்ன வயதில் பச்சை குத்தியது. வீடியோ ஓட ஓட அவனும் கூடவே முணுமுணுத்தான். முடிந்ததும், "இதில் உன் சிநேகிதனுக்கு என்ன பிரச்னை?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அவனுக்குச் சொந்த ஊர் எகிப்தில் உள்ள தந்தா. 2017 குருத்தோலை ஞாயிறு அன்று அந்த ஊர்க் கோவிலிலும் அலெக்ஸாந்திரியாவிலும் குண்டு வெடித்து 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கிறிஸ்தவன் என்பதற்காகச் சாகிற ஜனத்தைப் பார்த்து, நீங்கள் கிறிஸ்தவர்களே இல்லை என்று நாம் சொல்கிறோம் ஜெபா.

அரபி பேசுகிற கிறிஸ்தவனுக்குக் கடவுள் என்றால் அல்லாஹ்தான். அவன் அம்மா சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. பைபிளில் உள்ள பவுலின் நிருபங்களை அரபியில் கி.பி. 867-ல் எழுதிய பிரதி சீனாய் மலை மடத்தில் இருக்கிறது. நம்ம கதை மட்டும் என்ன? பைபிளைத் தமிழில் பெயர்த்த சீகன்பால்கு கடவுளை 'சர்வேசுரன்' என்று எழுதினார், அவருக்குப் பின் பெயர்த்த பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார், அப்புறம்தான் 'தேவன்' நிலைத்தது. தேவன், வேதம், ஜெபம், ஆராதனை, ஸ்தோத்திரம், எல்லாம் பக்கத்துத் தெரு இந்துக் கோவிலிலும் புழங்குகிற சொற்கள். அதற்காக உன்னை யாராவது இந்து என்றார்களா?

ஒரு விஷயம் கேட்டால் உனக்குத் தலை சுற்றும். அரபிக் கிறிஸ்தவர்கள் அல்லாஹ் என்பார்கள், ஆனால் இயேசுவை 'யசூ' என்பார்கள். 'ஈசா' முஸ்லிம்கள் சொல்வது. ஈரானின் பாரசீக மொழியில் அப்படியே தலைகீழ். கடவுள் 'ஹொதா', கர்த்தர் 'ஹொதாவந்த்', இயேசுவோ 'ஈசா'. வார்த்தையை வைத்து மதத்தைக் கண்டுபிடிக்கப் போனால் எங்கே போய் நிற்போம்?

ஈரானில்தான் சர்ச் இருக்கிறதே, அங்கே என்ன கஷ்டம் என்று போன தடவை கேட்டாயே. சர்ச் இருக்கிறதுதான். பரம்பரைக் கிறிஸ்தவர்களான ஆர்மீனியர்களும் அசீரியர்களும் தங்கள் பாஷையில் கும்பிட்டுக்கொள்ளலாம். பாரசீகத்தில் நடத்தினால்தான் ஆபத்து, ஏனென்றால் அது முஸ்லிம்கள் உட்பட ஊரில் எல்லோருக்கும் புரியும். டெஹ்ரானில் 2013-ல் ஒரு பெரிய சபையின் பாரசீக ஆராதனையே நின்றுபோனது. பலர் வீட்டுக்குள்ளேயே கூடி மெல்லிய குரலில் பாடுகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஈஸ்டர் ராத்திரி கிர்கிஸ் என்னைத் தன் கோவிலுக்குக் கூட்டிப்போனான். விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்கள். சாம்பிராணி வாசனை மட்டும். திடீரென்று விளக்கு எரிய, "அல் மசீஹ் காம்!" என்றார் பாதிரியார். கிறிஸ்து உயிர்த்தார். கோவிலே அதிர "பில் ஹகீகா காம்!", மெய்யாகவே உயிர்த்தார். பக்கத்தில் நின்ற கிழவர் என் தோளைத் தட்டி, நீயும் சொல் என்று கையசைத்தார். சொன்னேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

ப்ளஸ் டூ முடித்துப் பரங்கிமலை ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? கல் சிலுவையைச் சுற்றியிருந்த எழுத்தைப் பார்த்து, "யாரோ கோலம் போட்டு வைச்சிருக்கான்" என்றாய். அது பஹ்லவி, பழைய பாரசீகம். 1547-ல் போர்த்துகீசியர் கண்டெடுத்த கல். நம்ம மெட்ராஸிலேயே பாரசீகச் சிலுவை இருந்திருக்கிறது, நாம் கோலம் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவந்தோம்.

அந்த வீடியோவை எடுத்தால் மட்டும் போதாது. அது ஆதியாகமம் என்று அதே குரூப்பில் நீயே எழுது. நான் எழுதினால் ஆல்பர்ட் சண்டைக்கு வருவான், நீ எழுதினால் கேட்பான்.

டிசம்பர் கடைசியில் வருகிறேன். மெட்ராஸில் இறங்கி ஒரு நாள் இருப்பேன், நீயும் வா. இந்தத் தடவை மலையில் நிதானமாக நின்று பார்க்கலாம்.

உன்,
சாமுவேல்