'புதிய பதிப்புக்கு மாறுங்கள்' என்பது பதிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கணினிக் கேள்வி பதில் பகுதியைத் தவறாமல் படிக்கிறவள் நான். கடந்த வாரம் மூன்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஒருவருக்கு எக்செலில் தட்டிய எண் தானாக மாறிப்போகிறது. இன்னொருவர் ஆபீஸ் 2016 வைத்திருக்கிறார், இனி அது ஓடுமா என்று பயம். மூன்றாமவருடைய பழைய தமிழ்க் கடிதங்கள் வேர்டில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. மூவருக்கும் சொன்ன பதில் ஒன்றுதான்: "புதிய பதிப்புக்கு மாறுங்கள்."

ஒரு நிறுவனத்தின் ஹெல்ப்டெஸ்கில் 19 வருடம் போன் எடுத்தவள் நான். ஓய்வு பெற்று வெகுநாள் ஆகவில்லை. பதிலைப் படித்ததும் சுருக்கென்றது. எழுதியவர் மேல் கோபம் இல்லை. இதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானும் நாளைக்குப் பத்துத் தடவை சொன்னவள்தான். அதனால் அது எங்கெங்கே தப்பாகப் போகும் என்பதும் கொஞ்சம் தெரியும்.

முதலில் அந்த எண் விவகாரம். வாசகர் 16 இலக்க எண்களை எக்செலில் வரிசையாகத் தட்டியிருக்கிறார். கடைசி இலக்கம் எல்லாவற்றிலும் பூஜ்ஜியமாகிவிட்டது. இது பழைய பதிப்பின் கோளாறு இல்லை. எக்செல் எந்த எண்ணையும் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16-ஆவது இலக்கத்துக்கு இடம் கிடையாது, பூஜ்ஜியம் போட்டுவிடும். இருபது வருடத்துக்கு முந்தைய எக்செலும் இதைத்தான் செய்தது, இன்று வாங்குகிற எக்செலும் இதைத்தான் செய்யும். கணக்குப் போடுவதற்கான எண் வேறு, அடையாளத்துக்கான எண் வேறு என்பது அதற்குத் தெரியாது. உறுப்பினர் எண்ணையோ அட்டை எண்ணையோ யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. எனவே தட்டுவதற்கு முன்பே அந்த எண்கள் வரும் பத்தியின் (column) வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். அல்லது எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். முன்னால் வருகிற பூஜ்ஜியங்கள் காணாமல் போவதற்கும் இதே மருந்துதான்.

நியாயமாகச் சொன்னால், புதிய பதிப்பால் இதில் ஒரு சிறு உதவி உண்டு. 2023-இல், சந்தா கட்டிப் பயன்படுத்துகிற மைக்ரோசாஃப்ட் 365 எக்செலில் ஒரு வசதி வந்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் 'ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வெர்ஷன்' என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே நாமாகப் போய் டிக்கை எடுத்தால்தான் இந்த மாற்றம் நிற்கும். எக்செல் இப்படித் தானாக மாற்றுவது எண்களை மட்டுமல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, சில மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றித் தொலைக்கிறது என்பதற்காகவே 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிக்கொண்டது. விஞ்ஞானிகளே விட்டுக்கொடுத்து மூன்று வருடம் கழித்து வந்த டிக் அது! இதைச் சொல்லாமல் "மாறுங்கள்" என்று மட்டும் சொன்னால், அந்த வாசகர் காசு செலவழித்து மாறிவிட்டு அதே பூஜ்ஜியத்தை மறுபடியும் பார்ப்பார்.

இரண்டாவது கேள்வி. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் அதே தேதி என்பதால் பலருக்கு இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டது. ஆதரவு முடிந்தது என்றால் மறுநாள் காலை வேர்டு திறக்காது என்று அர்த்தமில்லை. திறக்கும், தட்டலாம், அச்சிடலாம். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க இனி யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ஒருவருக்குச் சின்ன விஷயம், இன்னொருவருக்குப் பெரிய விஷயம். யார் யாரிடமிருந்தோ மெயிலில் வருகிற ஃபைல்களை நாள் முழுக்கத் திறக்கிறவர் கட்டாயம் மாற வேண்டும். தான் எழுதுவதைத் தானே அச்சிட்டு வைத்துக்கொள்கிற ஒருவர் அவசரப்பட வேண்டியதில்லை, யோசித்து மாறலாம். அவருக்கு லிப்ரே ஆபீஸ் போதுமா என்று பார்க்கலாம், அது இலவசம். ஆக, அந்த வாசகரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது, "நீங்கள் அதில் என்ன செய்கிறீர்கள்?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டு நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

சம்பளப் பிரிவில் ஓர் அம்மா. ஓய்வுபெற ஒன்றிரண்டு வருடம் இருந்திருக்கும். "மேடம், என் எக்செல் ரொம்ப மெதுவா இருக்கு" என்றார். கணினியும் பழசு, ஆபீஸும் பழசு. நான் கூடுதலாக ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. புதிய கணினி, புதிய ஆபீஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருக்கும் சந்தோஷம். மாத இறுதியில் போன் வந்தது. "மேடம், பட்டனை அழுத்தினா என்னவோ இங்கிலீஷ்ல திட்டுது."

அவருடைய சம்பளத் தாளில் ஒரு பட்டன் இருந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிய மேக்ரோ, அதாவது எக்செலுக்குள்ளேயே எழுதி வைக்கிற சிறு நிரல். அதை அழுத்தினால் பிடித்தமெல்லாம் கணக்காகி ஒவ்வொருவருக்கும் சீட்டு தயாராகும். ஆபீஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. அந்த மேக்ரோ 32 பிட் ஆபீஸுக்காக எழுதியது. விண்டோஸின் உள்ளே இருக்கும் சில வேலைகளை நேராகக் கூப்பிடுகிற வகை மேக்ரோ. 2019 பதிப்பிலிருந்து, நாமாக மாற்றிச் சொல்லாவிட்டால், புதிய கணினியில் 64 பிட் ஆபீஸ்தான் உட்காரும். அதில் இப்படிப்பட்ட பழைய மேக்ரோ ஓடாது. விண்டோஸை அப்படிக் கூப்பிடுவதற்கான ஒவ்வோர் அறிவிப்பு வரியிலும் திருத்தம் கேட்கும். திருத்தத் தெரிந்தவர் எங்கள் கட்டடத்தில் அன்று யாரும் இல்லை. 64 பிட்டை முழுக்க நீக்கிவிட்டு 32 பிட்டை நிறுவி, பட்டன் வேலை செய்தபோது இருட்டிவிட்டது. இரண்டையும் ஒரே கணினியில் சேர்த்து வைக்க முடியாது என்பதையும் அன்றுதான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பழைய கணினியிலேயே ஃபைல், அக்கவுன்ட், அபவுட் என்று மூன்று தட்டு தட்டியிருந்தால் '32-பிட்' என்று மேலேயே எழுதியிருக்கும். கூடவே, "இந்த ஃபைலில் பட்டன் ஏதாவது இருக்கிறதா அம்மா?" என்று ஒரு கேள்வி. அரை நிமிட வேலை.

அதற்குப் பிறகு நான் பதில் சொல்வதைக் குறைத்தேன், கேட்பதைக் கூட்டினேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது: போனில் சொல்லப்படுகிற தொல்லை பெரும்பாலும் உண்மையான தொல்லை இல்லை. "வேர்டு என் ஃபைலை அழிச்சிடுச்சு" என்பார்கள். வேர்டு அழித்திருக்காது. "கடைசியாக அந்த ஃபைலை எங்கிருந்து திறந்தீர்கள்?" என்று கேட்பேன். "மெயில்ல இருந்து சார் அனுப்பினதைத்தான்." அங்கேதான் விஷயம். மெயிலில் வந்த இணைப்பைத் தனியே இறக்கி வைக்காமல் அப்படியே திறந்து, நாள் முழுக்கத் திருத்தி, சேவ் கொடுத்து மூடியிருப்பார். அது கண்ணுக்குத் தெரியாத ஏதோ தற்காலிகக் கோப்புறையில் போய் விழுந்திருக்கும். மெயிலில் இருப்பது பழைய ஃபைல்தானே, திருத்தமெல்லாம் காணோம் என்று தோன்றும். 'ரீசன்ட்' பட்டியலில் தேடினால் பாதித் தடவை கிடைத்துவிடும். கிடைத்ததும் போனில் ஒரு பெருமூச்சு கேட்கும் பாருங்கள், அதற்காகவே அந்த வேலையில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம் ஆட்டோசேவ், ஆட்டோரிகவர் என்கிற இரட்டையர். மேலே மூலையில் தெரிகிற ஆட்டோசேவ் சுவிட்ச், ஃபைல் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடங்களான ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ இருந்தால்தான் வேலை செய்யும். ஆட்டோரிகவர் என்பது கணினி திடீரென்று அணைந்துபோனால் மீட்பதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வைக்கிற நகல். 'பார்த்துக்கொள்வான்' என்று இரண்டில் ஏதோ ஒன்றை நம்பி சேவ் கொடுக்காமல் மூடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கும் ஒரு வழி உண்டு: ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாகுமென்ட், ரிகவர் அன்சேவ்டு டாகுமென்ட்ஸ். இந்த நான்கு சொற்களை நான் போனில் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

சில சமயம் மாறுவதுதான் சரியான பதில், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் எதை மாற்றுவது என்று பார்க்க வேண்டும். 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கோவிட் தொற்றுகள் ஒரு வாரமாகத் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டன. எக்செலின் பழைய எக்ஸ்.எல்.எஸ். (.xls) ஃபைல் வடிவத்தில் தகவலைக் கொட்டியதுதான் காரணம் என்று தெரியவந்தது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் கிடையாது. 2007-இல் வந்த எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வடிவத்தில் 10,48,576 உண்டு. புதிய எக்செலிலும் பழைய வடிவத்து ஃபைலைத் திறந்தால் அந்தப் பழைய எல்லைதான் இருக்கும். தலைப்பில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்று ஒரு சொல் தெரியும், யாரும் அதைப் படிப்பதில்லை. மென்பொருளை மாற்றிவிட்டு ஃபைலை மாற்றாமல் இருந்தால் வீடு மாறிப் பழைய பூட்டையே தூக்கிக்கொண்டு போன கதைதான்.

இனி மூன்றாமவர். எனக்கு ரொம்ப வருத்தம் தந்தது இவருக்குச் சொன்ன பதில்தான். அவர் கடிதங்களைத் தட்டியது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட் வருவதற்கு முன்பு பழக்கத்தில் இருந்த பாமினி போன்ற ஏதோ ஓர் எழுத்துருவில் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. அந்த எழுத்துருக்களில் கணினிக்குள் உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டியது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடும். நாளை வரப்போகிற ஆபீஸை நிறுவினாலும் அந்தக் கடிதம் அப்படியேதான் தெரியும்.

அவர் செய்ய வேண்டியது இது. புரியாத வரியின் மேல் ஒருமுறை சொடுக்கி, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பார்க்க வேண்டும். கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் அங்கே நிற்கும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு அதே எழுத்துருவைத் தேடி நிறுவினால் கடிதம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் யூனிகோடுக்கு மாற்றலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: கடிதத்துக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழென்று நினைத்து உளறலாக்கிவிடும். அவற்றை விட்டுவிட்டுத் தமிழ்ப் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். என் தந்தை எழுதிவைத்த நாற்பது பக்கத்தை இப்படித்தான் துண்டுதுண்டாக மாற்றினேன், இரண்டு விடுமுறை நாள் ஆனது. மாற்றிய பிறகுதான் அதற்குள் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடிந்தது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் சின்னது. கேள்வி அனுப்பும் வாசகர்களிடம் எந்தப் பதிப்பு, ஃபைலின் பெயர் எதில் முடிகிறது, தொல்லை தொடங்குவதற்கு முன் என்ன மாறியது என்று எழுதச் சொல்லி ஒரு வரி போடுங்கள். கடைசிக் கேள்விக்கு எல்லோரும் "ஒன்றும் மாறவில்லை" என்றுதான் எழுதுவார்கள். இன்னொரு தடவை கேளுங்கள், ஏதாவது ஒன்று வரும்.

அப்புறம், அந்த 16 இலக்க எண் வாசகருக்கு அடுத்த ஞாயிறே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். போன கடைசி இலக்கம் அந்த ஃபைலில் இல்லவே இல்லை. பத்தியை இப்போது 'டெக்ஸ்ட்' ஆக்கினாலும் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே நிற்கும். எந்தக் காகிதத்தைப் பார்த்து அவர் அவற்றைத் தட்டினாரோ அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹெல்ப்டெஸ்க் ஊழியர்,
தங்கள் வாசகி